நாலரை மணிச் சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டில் பொழுது மூன்றே முக்கால் மணிக்கு விடிந்துவிடும். அப்பாவின் கைப்பேசி ஒலித்த சிறிது நேரத்தில் அடுப்படியில் விளக்கு எரியும். அம்மா மைலோ கலக்குவார். அப்பா மழைக்கோட்டு, கடப்பிதழ், வேலை அனுமதி அட்டை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். சரியாக நாலரைக்கு அவருடைய பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டார் சைக்கிள் வாசலைத் தாண்டும். ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள தாமான்களில் வாழ்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். எங்கள் வரிசையிலேயே நான்கைந்து வீடுகளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் ஐந்து மணிக்கு வரும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிக்கொள்வார்கள். அப்பா மட்டும் மோட்டார் சைக்கிளில் தனியாகப் புறப்படுவார்.

1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஓட்டிப் போனால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆனால், அதன் இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனை இருக்கிறது. ஐந்து மணிக்குள் வரிசையில் நின்றால் கால் மணி நேரம், ஐந்தே காலுக்கு நின்றால் முக்கால் மணி நேரம் என்பது அப்பாவின் கணக்கு. இங்கே ஐந்து நிமிடம் தாமதமானால் அங்கே அது அரை மணி நேரமாக வளர்ந்துவிடும் என்று அடிக்கடி சொல்வார்.

நான் படிவம் ஐந்தில் இருந்த 2022ஆம் ஆண்டில் அந்தக் கணக்கு எங்களுக்கு மிகவும் முக்கியமாக இருந்தது. பெருந்தொற்றினால் 2020 மார்ச் மாதம் எல்லை மூடப்பட்டபோது அப்பா வேலையை இழந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகள் புல் வெட்டினார், உணவு விநியோகம் செய்தார், கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். 2022 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை மீண்டும் முழுமையாகத் திறந்த பிறகுதான் உட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் புதிய வேலை கிடைத்தது. அடிப்படைச் சம்பளத்தோடு வருகைப்படியும் உண்டு. ஒரு மாதத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தால் அந்தப் படி கிடைக்காது. என் கூடுதல் வகுப்புக் கட்டணம் அந்தப் பணத்திலிருந்துதான் வந்தது. அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அம்மா கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தில் நானே பார்த்தேன்.

இவ்வளவுக்கும் குறுக்கே நின்றது ஒரு சமிக்ஞை விளக்கு.

எங்கள் தாமானுக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வழிதான். அந்தச் சாலை ஒரு முச்சந்தியில் பெருஞ்சாலையைத் தொடும். நகரத்துக்குப் போக அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். பகலில் எந்தச் சிக்கலும் இல்லை. கார்கள் வரிசையாக வந்து நிற்கும், விளக்கு முறையாக மாறும். ஆனால், விடியற்காலையில் அப்பா தனியாகப் போய் நின்றால் அது மாறாது. பெருஞ்சாலைக்குப் பச்சை, அப்பாவுக்குச் சிவப்பு. பெருஞ்சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் இருக்காது. ஆனாலும், அந்தப் பச்சை அப்படியே எரிந்துகொண்டிருக்கும். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று நேரம் போகும். எப்போதாவது பின்னால் ஒரு கார் வந்து நின்றால், சில விநாடிகளில் விளக்கு மாறிவிடும்.

“அதுக்கு நம்ம மோட்டார் கண்ணுலயே படாது பாப்பா. கார்க்காரன் வந்தாத்தான் மதிக்கும்,” என்று அப்பா ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் வேலைக்குப் போன மனிதர் அவர். தம்மை மதிக்காத எத்தனையோ இடங்களை அவர் அப்படித்தான் சிரித்துக் கடந்து வந்திருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒரு விளக்குக் கம்பமும் சேர்ந்துவிட்டதே என்று எனக்கு இருந்தது.

வேலையிடத்து நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முன்விளக்கை அணைத்து அணைத்துப் போடு என்றார் ஒருவர். கனமாக இருந்தால்தான் விளக்குக்குத் தெரியும், இரண்டு பேராகப் போ என்றார் இன்னொருவர். ஹாரன் அடித்துப் பார் என்று சொன்னவரும் உண்டு. அப்பா எல்லாவற்றையும் செய்து பார்த்தார். ஹாரன் அடித்ததில் முச்சந்தியோரத்து வீட்டு நாய்தான் விழித்துக்கொண்டது.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது காந்தக் கதை. சாலைக்கு அடியில் இருக்கும் கருவி காந்தத்தை உணரும் என்று யாரோ உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து உருண்டையான காந்தத்தைக் கழற்றி, இயந்திரத்துக்குக் கீழே கம்பியால் கட்டினார். ஒரு வாரம் கழித்து அதைக் கழற்றியபோது இரண்டு திருகாணிகள், ஒரு துருப்பிடித்த ஆணி, நிறைய இரும்புத் தூள் ஆகியவை அதில் ஒட்டியிருந்தன. சாலையைச் சுத்தம் செய்ததற்கு நமக்குக் கூலி தர வேண்டும் என்று அம்மா சொன்னார். விளக்கு மட்டும் மாறவில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை அப்பா வீடு திரும்பியபோது மோட்டார் சைக்கிளின் வலப்பக்கக் கண்ணாடி இல்லை. வாகன நிறுத்துமிடத்தில் யாரோ இடித்துவிட்டார்கள் என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்திருந்தது. அதன் பிறகுதான் உண்மை வந்தது. அந்த மாதத்தில் அவர் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதமாகியிருந்தார். அன்று விடியற்காலை பத்து நிமிடம் நின்றும் விளக்கு மாறவில்லை. பெருஞ்சாலையில் யாரும் இல்லை என்று நினைத்துச் சிவப்பிலேயே திரும்பியிருக்கிறார். வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு மணல் லாரி வந்துவிட்டது. லாரிக்காரர் மீது எந்தத் தவறும் இல்லை. அவருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அவர் லாரியை ஒடித்துத் திருப்பியதால்தான் அப்பா கண்ணாடியோடு தப்பினார்.

அன்று இரவு வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. “இனிமே காத்திருக்கேன், படி போனாப் போகட்டும்,” என்றார் அப்பா. அம்மா அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பள்ளியில் சாலைப் பாதுகாப்புச் சுவரொட்டியில் அந்தச் செய்தியைப் பலமுறை படித்திருக்கிறேன். அன்றுதான் அது அச்செழுத்தாக இல்லாமல் முழங்கையில் உரிந்த தோலாக எனக்குத் தெரிந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு, இயற்பியல் வகுப்பில் மின்காந்தவியல் பாடம் தொடங்கியது. ஆசிரியை ஒரு செம்புக் குழாயையும் ஒரு சிறிய காந்தத்தையும் கொண்டு வந்தார். முதலில் அந்தக் காந்தத்தைக் குழாயின் வெளிப்புறத்தில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. செம்பு காந்தத்தில் ஒட்டாது என்பது எங்களுக்குத் தெரியும். அடுத்து அதைக் குழாய்க்குள் போட்டார். சடாரென்று கீழே விழ வேண்டிய காந்தம், ஏதோ தேனுக்குள் இறங்குவதுபோல் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. வகுப்பு முழுவதும் கைதட்டியது.

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்படும். இதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். செம்புச் சுவருக்குள் அப்படிப் பிறக்கும் மின்னோட்டம் சுழல் சுழலாக ஓடும். அதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். அது தன்னுடைய காந்தப்புலத்தால் விழும் காந்தத்தை எதிர்த்துத் தடுக்கும். ஆசிரியை இதையெல்லாம் பலகையில் வரைந்து விளக்கினார். பிறகு போகிறபோக்கில், “பள்ளி வாசலில் இருக்கும் சமிக்ஞை விளக்கும் இதே முறையில்தான் கார்களைக் கண்டறிகிறது. தார்ச்சாலையில் செவ்வகமாக வெட்டிய கோடுகளைப் பார்த்ததில்லையா?” என்று கேட்டார்.

நான் பார்த்திருந்தேன். ஆனால், அவை ஏதோ குழாய் பதித்த தடயம் என்று நினைத்திருந்தேன். மணி அடித்ததும் மற்றவர்கள் சிற்றுண்டிச் சாலைக்கு ஓட, நான் ஆசிரியையின் பின்னால் ஓடினேன்.

அவர் அன்று சொன்னதையும் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சாலையில் ஓர் இரம்பத்தால் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செவ்வகக் கோடு வெட்டுவார்கள். அந்தப் பள்ளத்தில் காப்பிடப்பட்ட கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வைத்து, மேலே பிசின் ஊற்றி மூடுவார்கள். கம்பியின் இரு முனைகளும் சாலையோரத்து இரும்புப் பெட்டிக்குப் போகும். பெட்டியிலுள்ள கருவி, விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டத்தை அந்தச் சுருளில் செலுத்திக்கொண்டே இருக்கும். அதனால் சாலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலம் எழுந்து எழுந்து அடங்கும். அதற்குள் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது சுருளின் புலத்தை எதிர்க்கும். உடனே சுருளின் அதிர்வெண் சற்றே உயரும். கருவி அந்தச் சிறு மாற்றத்தைக் கவனித்து, ‘வண்டி வந்திருக்கிறது’ என்று விளக்குக்குச் சொல்லும்.

ஆக, அது எடையைப் பார்ப்பதில்லை. எடையைப் பற்றி அப்பாவின் நண்பர் சொன்னது முழுக்கத் தவறென்றும் சொல்ல முடியாது. தொண்ணூறு ஆண்டுகள் தாமதமாகச் சொன்னார், அவ்வளவுதான். 1930களில் பிரிட்டனில், சாலையின் குறுக்கே பதித்த பட்டையின் மீது சக்கரம் ஏறி அழுத்தினால் மாறும் விளக்குகள் இருந்தன. ஹாரன் யோசனை அதைவிடப் பழையது. 1928இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சார்லஸ் அட்லர் என்பவர், ஓட்டுநர் ஹாரன் அடித்தால் அந்த ஒலியைக் கேட்டு மாறும் விளக்கை அமைத்தார். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களின் தூக்கத்தை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. எங்கள் முச்சந்தி நாய்க்கும் அது பிடித்திருக்காது.

காந்தம் ஏன் பயன்படவில்லை என்பதும் புரிந்தது. சாலைக்கு அடியிலுள்ள கருவி காந்தத்தைத் தேடவில்லை. அது மின்சாரம் கடத்தும் உலோகத்தைத் தேடுகிறது. காந்தத்தில் ஒட்டாத அலுமினியத்தைக்கூட அது நன்றாகவே உணரும்.

அப்படியென்றால் நூறு கிலோகிராமுக்கு நெருங்கிய உலோகத்தின்மீது உட்கார்ந்திருக்கும் அப்பாவை மட்டும் ஏன் உணரவில்லை? அதற்கு ஆசிரியை சொன்ன உவமையை நான் இன்றும் மறக்கவில்லை. “மழையில் ஒரு தட்டை மல்லாக்க நீட்டு, நிறைய நீர் விழும். அதே தட்டைச் செங்குத்தாகப் பிடி, விளிம்பில் நாலு துளி விழும். உன் அப்பா செங்குத்துத் தட்டு.”

செவ்வகத்தின் நடுவில் காந்தப்புலம் நேராக மேலே எழும்புகிறது. காரின் அடிப்பாகம் அகலமான தட்டுபோல் அதன் குறுக்கே கிடக்கும். அதனால் கார் உடனே அகப்பட்டுவிடும். மோட்டார் சைக்கிளோ மெலிந்து நெட்டாக நிற்கிறது. நடுவில் நின்றால் புலம் அதன் இருபுறமும் உரசிக்கொண்டு போய்விடும். ஆனால், கம்பி ஓடும் கோட்டுக்கு நேர்மேலே கதை வேறு. அங்கே புலம் கம்பியைச் சுற்றி வளைந்து பக்கவாட்டில் பாய்கிறது, வலுவாகவும் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் அந்தக் கோட்டின் மேல் இரு சக்கரங்களையும் வைத்து நின்றால், வண்டியின் பக்கம் முழுவதும் புலத்தைத் தாங்கும். தட்டு மழையைப் பார்த்துத் திரும்பியது போலாகும்.

“உன் அப்பா சந்திப்பில் எங்கே நிற்பார்?” என்று ஆசிரியை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். சாலையைக் குனிந்து பார்த்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. நாலரை மணிக்கு இருவரும் முச்சந்திக்குப் போனோம். அம்மா அரைமனத்தோடுதான் விட்டார். நான் சாலையோரத்தில் நின்று கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். இரவு பெய்த மழையில் தார் கறுத்திருந்தது. நிறுத்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், வலத்தடத்தில், மங்கலாகச் செவ்வகம் தெரிந்தது. ஓரிடத்தில் பிசின் பெயர்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

“வழக்கமா எங்கேப்பா நிப்பீங்க?”

அப்பா வண்டியை உருட்டிக்கொண்டுபோய், நிறுத்தக் கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு அருகே நிறுத்தினார். நம் நாட்டில் பெரும்பாலான மோட்டார் சைக்கிளோட்டிகள் அப்படித்தான் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கிறார்கள். கார்ப் புகையிலிருந்து தப்பலாம், பச்சை விழுந்ததும் முதலில் கிளம்பலாம். ஆனால், செவ்வகம் அவருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தது. இத்தனை நாளும் அவர் கருவியின் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு அது தம்மை மதிக்கவில்லை என்று வருந்தியிருக்கிறார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நான்கு நிமிடம் காத்திருந்தோம். மாறவில்லை. பின்னால் வந்து செவ்வகத்தின் நடுவே நிற்கச் சொன்னேன். சில நாள் அங்கேயும் நின்றதுண்டு என்றார். மீண்டும் நான்கு நிமிடம். அப்போதும் மாறவில்லை. அப்பாவின் முகத்தில் ‘நான் சொல்லவில்லையா’ என்ற பாவனை வந்தது. இடப்பக்கக் கோட்டின்மேல் இரு சக்கரங்களும் படும்படி நிறுத்தச் சொன்னேன். அவர் கால்களால் உந்தி வண்டியை நகர்த்தினார். நான் குனிந்து விளக்கடித்து, இன்னும் கொஞ்சம் இடம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெருஞ்சாலையின் பச்சை மஞ்சளானது. பிறகு சிவப்பானது. எங்கள் பக்கம் பச்சை விழுந்தது.

அப்பா கிளம்பவில்லை. அந்தப் பச்சை மாறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னொரு தடவை பார்ப்போம்,” என்றார். அன்று ஐந்து தடவை பார்த்தோம். நான்கு தடவை மாறியது. ஒரு தடவை மாறவில்லை. அந்த ஒரு தடவை எனக்கு உறுத்தலாகவே இருந்தது. கோட்டின்மேல் சரியாக நின்றும் மாறவில்லையென்றால், கருவியிலும் ஏதோ குறை இருக்க வேண்டும்.

அந்தக் கருவியின் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று படித்திருந்தேன். மிகவும் குறைத்து வைத்தால் மோட்டார் சைக்கிள் தப்பிவிடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் பக்கத்துத் தடத்தில் போகும் காரையும் தன்னுடையதென்று எண்ணி வீணாக விளக்கை மாற்றும். அடிப்பாகம் உயரமாக இருக்கும் லாரிகளையும் அது உணர வேண்டும். இவற்றுக்கெல்லாம் நடுவே சரியான அளவைத் தேடி வைப்பது பராமரிப்பவர்களின் பொறுப்பு. ஆகவே, முறையீட்டுக் கடிதம் எழுதலாம் என்றேன்.

“நமக்காக வந்து பார்ப்பாங்களா?” என்றார் அப்பா. அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், தடுக்கவும் இல்லை.

மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதி, அப்பாவின் கையொப்பத்தோடு சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. குறிப்பிட்ட சந்திப்பைச் சோதித்ததாகவும் விளக்கு நல்ல நிலையில் இயங்குவதாகவும் அதில் எழுதியிருந்தது. அப்பா மீண்டும் அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது, அவர்கள் பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. பகல் நேரத்தில் நான்கு சக்கர வண்டியில் வந்து பார்த்தால் அது நன்றாகத்தான் இயங்கும்.

இரண்டாவது கடிதத்தில் குறையைச் சொல்லாமல் நாங்கள் செய்த சோதனையைச் சொன்னேன். செவ்வகத்தை அளவோடு வரைந்து, அப்பா நின்ற மூன்று இடங்களையும் குறித்தேன். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் காத்திருந்தோம் என்று அட்டவணை போட்டேன். பெயர்ந்துபோன பிசினையும் படமெடுத்து இணைத்தேன். ‘தயவுசெய்து விடியற்காலையில், மோட்டார் சைக்கிளோடு சோதிக்கவும்’ என்ற வாக்கியத்துக்குக் கீழே கோடிட்டேன்.

அக்டோபரில் ஓர் இரவு அப்பாவின் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. பத்து மணிக்கு மேல் சந்திப்புக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். நானும் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரத் தொழில்நுட்பர் ஒருவர், சாலையோரத்து இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என் வரைபடம் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. “இதை வரைந்தது யார்?” என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். அவர் ஒன்றும் சொல்லாமல், நான் உள்ளே பார்க்க வசதியாகச் சற்று நகர்ந்துகொண்டார்.

உள்ளே வரிசை வரிசையாக அட்டைகள் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சிறு விளக்கும் சில விசைகளும் இருந்தன. “அபாங், கோட்டில் நில்லுங்கள்,” என்று அவர் அப்பாவைக் கேட்டுக்கொண்டார். அப்பா நின்றார். சிறு விளக்கு எரிந்தது. நடுவில் நிற்கச் சொன்னார். எரியவில்லை. விசையை ஒரு படி கூட்டினார். அப்போதும் எரியவில்லை. இன்னொரு படி. சிறு விளக்கு மினுக்கி மினுக்கி நின்றது. பக்கத்துத் தடத்தில் ஒரு கார் போனபோது தவறாக எரிகிறதா என்று காத்திருந்து பார்த்தார். எரியவில்லை. அந்த அளவிலேயே விட்டார். பெயர்ந்த பிசினையும் அடுத்த வாரம் சரிசெய்வதாகச் சொன்னார்.

பெட்டியைப் பூட்டும்போது அவர் ஒரு செய்தி சொன்னார். சாலைக்கு அடியில் கம்பி அறுந்துவிட்டால், கருவி ‘வண்டி எப்போதும் நிற்கிறது’ என்றே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் பச்சை கொடுக்குமாம். யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்களாம். அதாவது, முற்றிலும் பழுதாகியிருந்தால் அப்பாவுக்குச் சிக்கலே இருந்திருக்காது! பாதி நன்றாக இருந்ததுதான் குறை. அப்பாவும் அவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு.

இப்போது சில நகரங்களில் கம்பிச் சுருளுக்குப் பதிலாகப் படக்கருவியும் கதிரலைக் கருவியும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மோட்டார் சைக்கிள் எங்கே நின்றாலும் தெரியும் என்கிறார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில், விளக்கு நெடுநேரம் மாறாவிட்டால் மோட்டார் சைக்கிளோட்டி கவனமாகப் பார்த்துச் சிவப்பிலேயே போகலாம் என்று சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. நான் இதைச் சொன்னபோது அப்பா தம் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே, “சட்டம் விட்டாலும் லாரி விடணுமே,” என்றார்.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னை லார்க்கின் பேருந்து நிலையத்தில் விட அப்பா விடியற்காலையிலேயே அழைத்துப் போனார். வழியில் ஒரு சந்திப்பின் ஓரத்துக் கடையில் பசியாற உட்கார்ந்தோம். எதிரே சிவப்பு விளக்கில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் உணவு விநியோகப் பெட்டி இருந்தது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி நன்றாக முன்னால் நின்றிருந்தான். இருபுறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கைப்பேசியைப் பார்த்தான். வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்த்தினான்.

அப்பா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. கையால் தரையைக் காட்டினார். அந்த இளைஞன் முதலில் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு கால்களால் உந்தி வண்டியைப் பின்னால் உருட்டினான். அப்பா குனிந்து, இன்னும் கொஞ்சம் இடம் என்று கையசைத்தார். இன்னும் கொஞ்சம்.

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது. அவன் போகும்போது கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்து, “தேத்தண்ணி ஆறிப்போச்சு பாப்பா, இன்னொன்னு சொல்லு,” என்றார்.